இடக்கன்னம்

குன்னத்தூரிலிருந்து திருப்பூருக்கு
வண்டி தெற்கே போகும்.
காலையில் கிழக்கு என் இடப்பக்கம்.
ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்து
வடக்கே திரும்பினால்
மேற்கும் என் இடப்பக்கம்.
பதினாறு வருசம்
சூரியனுக்கு நான் காட்டியது
ஒரே கன்னம்.

அதில் முதலில் ஒரு எள்ளு,
அப்புறம் மிளகு,
போன சித்திரையில்
சிந்திய டீ மாதிரி ஒன்று
காதோரம் வரைக்கும் படர்ந்தது.

கறையைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
செக்கிங் டேபிளில் நாளுக்கு எண்ணூறு பீஸ்.
மெஷின் எண்ணெய், துரு,
ஊசி குத்திய விரலின் ரத்தம்.
கண் போகுமுன் கை போகும்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
ஓரமாய்த் தள்ளிவிடுவேன்.
ஒருநாள் தலை சீவும்போது
கண்ணாடிக்கு முன்னால்
என் கை ஸ்டிக்கர் தேடியது.

நாகமணி ஒரு டப்பா தந்தாள், பேர் இல்லாத டப்பா.
"ஒரே வாரங்க்கா, பளிச்சுனு ஆயிரும்."
அவளுக்கு ஆச்சுதான்.
மூன்றாம் வாரம் முகம்
மிளகாய் அரைத்த கை பட்டாப்பல சிவந்து
அடுப்புக்கிட்ட நிக்க முடியலைங்க்கா என்றாள்.
எனக்குத் தெரியும் அது.
ஸ்டெயின் கன்னை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால்
கறை போகும்,
சாயமும் கூடப் போகும்.
வெளுத்த வட்டத்தோடு ஒரு பனியன் வந்தால்
அதற்கும் அம்பு ஒட்டித்தான் ஆக வேண்டும்.

பெருமாநல்லூருக்கு வியாழன் மட்டும் வரும்
தோல் டாக்டரம்மா
விளக்குப் பிடித்துப் பார்த்தார்.
"இந்த மங்கு மங்குமுங்களா?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"வெயில் வெச்ச புள்ளி. மெதுவா மங்கும்.
மொத்தமாப் போயிரும்னு சொல்ல மாட்டேன்.
ராத்திரிக்கு இது, பயறளவு.
பகலுக்கு இது, ரெண்டு விரல் நீளம்,
காதும் கழுத்தும் விட்றாதீங்க.
திரும்பறப்ப மறுபடி பூசோணும்.
மானம் மூடியிருந்தாலும் பூசோணும்.
ஏதாச்சும் ஒண்ணு மட்டும் வளந்தாலோ, நெறம் மாறினாலோ
வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க,
கோயமுத்தூருக்கு வந்துருங்க."

டியூப் அறுநூற்று இருபது.
ஒரு நாள் சம்பளம் போதவில்லை.

ஐந்தேகாலுக்குக் கழிவறைக் கண்ணாடியில்
பூசிக்கொண்டிருந்தேன்.
"என்னக்கா, தயிரா?" என்றாள் துளசிமணி.
ஊத்துக்குளிக்காரி.
மேற்கே வந்து கிழக்கே போகிறவள்.
ரெண்டு வேளையும் வெயில் அவளுக்கு முதுகுப்பக்கம்.
ஜடையைத் தூக்கிக் காட்டினாள்,
பிடரி கரிச்சட்டி.
பல்லடத்து மைதிலிக்கு வலக்கன்னம்.
மங்கலத்து சாமியாத்தாளுக்கு
வெயில் எப்போதும் நேருக்கு நேர்,
நெற்றியும் மூக்கும்.
யார் எந்த ரோட்டில் வருகிறாள் என்று
இனி முகத்தைப் பார்த்தே சொல்லலாம்.
ஆளுக்கொரு பொட்டு வைத்தேன்.

ரெண்டு மாசம் வர வேண்டிய டியூப்
பதினோராம் நாள் தீர்ந்தது.
இப்போது சீட்டுக் காசு மாதிரி
சனிக்கிழமை சனிக்கிழமை
எல்லாரிடமும் பிரிக்கிறோம்.
துப்பட்டா, முழங்கை வரை கையுறை,
ஹெல்மெட் கண்ணாடி இறக்கித்தான் வண்டி.
ஆடிக்காற்றில் மேகம் ஓடுகிற நாளும்
விட்டதில்லை.
புதுசாய் ஒன்றும் வரவில்லை.
டீக்கறையில் கொஞ்சம்
பால் கூடியிருக்கிறது.

சுமித்ராவும் இருபது ரூபாய் நீட்டினாள்.
ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வருசம்.
மேல்மாடியில் ஹாஸ்டல்,
படி இறங்கினால் கம்பெனி,
படி ஏறினால் கட்டில்.
அந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பீஸ் பார்க்கிற கண்,
ஒரு புள்ளி கிடைக்கவில்லை.
"உனக்கு எதுக்குடி?" என்றாள் சாமியாத்தாள்.

"ஞாயிறு" என்றாள்.

அவளுக்கு அது
வாரத்தில் ஒரு நாள்,
பத்திலிருந்து ஒரு மணி வரை.